நான்காம் நாள் அணையும் விளக்கு

மேற்கு இராஜஸ்தானத்து மணற்பரப்பிலோ தண்டகாரணியக் காடுகளிலோ நாட்கணக்கில் தங்கிப் பணியாற்றும் ஊழியர்க்கு அவர்கள் செல்லும் ஊர்தியே வீடுமாகும். அத்தகைய ஊர்தியின் கூரையில் சூரிய மின்பலகையும், உள்ளே விளக்கு, விசிறி, சிறு குளிர்பெட்டி ஆகியவற்றிற்கென எஞ்சின் பாட்டரியினின்றும் வேறான துணைப் பாட்டரி ஒன்றும் அமைத்துக்கொள்வதுண்டு. முதல் மூன்று இரவுகள் யாவும் செவ்வனே நடைபெறும். நான்காம் இரவில் விளக்கு மங்கும், விசிறி நிற்கும். உடனே பழி பாட்டரியின்மீது விழும். பல்லாயிரம் ரூபாய் செலவில் புதியது வாங்கப்படும். சில திங்களில் அதுவும் பழையதன் வழியே செல்லும்.

இதற்குக் காரணம் யாது? பல சமயங்களில் குற்றம் பாட்டரியினுடையதன்று; அது ஒரு நாளேனும் முழு மின்னேற்றம் பெறாமையே குற்றம்.

முதற்கண் வரவு செலவைக் கணக்கிடல் வேண்டும். கூரைமீது படுக்கையாகக் கிடக்கும் 100 வாட் பலகை, நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 350 வாட்-மணி சக்தி தருவதாகக் கொள்வோம். 15 வாட் விசிறி 8 மணி நேரத்திற்கு 120, விளக்குகளுக்கு 40, தொலைபேசிகளுக்கு 20, குளிர்பெட்டிக்கு 320. ஆக மொத்தச் செலவு 500 வாட்-மணி. அன்றாடத் துண்டு 150 வாட்-மணி. அதாவது 12 வோல்ட் பாட்டரியில் சுமார் 12 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கே நாளில் பாதி வறண்டுவிடும். இங்கே எக்கருவியும் பழுதடையவில்லை, கணக்கே தவறியுள்ளது.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே அமைத்த ஈய-அமிலப் பாட்டரியின் தத்துவமே இன்றும் பயன்படுகிறது. மின்சாரம் செலவாகுங்கால் இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றத்தின்போது அது கரைந்து மறைகிறது. நெடுநாள் அரைகுறை ஏற்றத்திலேயே விட்டுவைப்பின், அப்படிவு கடினப் படிகங்களாக இறுகிப் பின்னர் எளிதில் கரையாது. புதிய பாட்டரியும் விரைவில் கெடுவது இதனாலேயே.

கணக்குச் சரியாயிருந்தும் குறை நீடிப்பின், பின்வரும் வரிசையில் ஆராய்க.

முதலாவது, இரவு முழுதும் எக்கருவியையும் இயக்காது விட்டு, வெயில் ஏறுமுன் பாட்டரியை வோல்ட்மானியால் அளக்க. 12.6 அல்லது 12.7 வோல்ட் முழு ஏற்றத்தையும், 12.1 அல்லது 12.2 பாதியையும், 11.8 ஏறக்குறைய வறட்சியையும் காட்டும். லித்தியம் பாட்டரிகளுக்கு இவ்வெண்கள் பொருந்தா.

இரண்டாவது, நண்பகலில் பலகையை ஆராய்க. இணைப்பின்றி அளந்தால், 36 அறைகள் கொண்ட பலகை சுமார் 21 வோல்ட் காட்டும். தூசி படிந்த பலகையும் ஏறத்தாழ அவ்வளவே காட்டுமாதலால், வோல்ட்டை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். பாட்டரிக்குள் செல்லும் ஆம்பியரையும் அளத்தல் அவசியம். அறைகள் சங்கிலிபோல் தொடராக இணைந்திருப்பதால், கூரைமேலுள்ள தண்ணீர்த் தொட்டியின் சிறு நிழல்கூடப் பலகையின் பெரும்பகுதியை முடக்கிவிடும். ஆசிரியர்கள் ஓர் அறையை மட்டும் அட்டையால் மூடி, ஆம்பியர்மானியின் முள் வீழ்வதை மாணவர்க்குக் காட்டலாம்.

மூன்றாவது, கம்பியைக் கவனிக்க. மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் பாட்டரிக்கும் இடையே 5 மீட்டர் தூரமாயின், போக வரக் கம்பி 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் அதன் தடை சுமார் 0.07 ஓம். 6 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே குறையும். கருவியில் 14.4 வோல்ட் இருப்பினும் பாட்டரியை 14.0 மட்டுமே எட்டும், ஏற்றம் மந்தமாகும். தளர்ந்த அல்லது களிம்பேறிய முனைகள் இக்குறையை மேலும் பெருக்கும். தடித்த கம்பியும், கருவியைப் பாட்டரிக்கு அருகே வைத்தலும் இதற்குப் பரிகாரம்.

இவை யாவும் செம்மையாயிருப்பின், இறுதியாகப் பாட்டரியை ஐயுறலாம். முழு ஏற்றத்திற்குப் பின் ஆறு அறைகளின் அமிலத்தையும் திரவமானியால் அளக்க. ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் மிகத் தாழ்ந்திருப்பின், அவ்வறை பழுதுற்றதென அறியலாம். அமில மட்டம் குறைந்திருந்தால் வாலை வடிநீரையே சேர்த்தல் வேண்டும், அமிலம் சேர்த்தலாகாது.

மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு, காற்றில் 4 சதவிகிதம் கலந்தாலே தீப்பற்றவல்லது. ஊர்தியினுள்ளே உறங்குவோர் பாட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்றுத் துளை அமைத்தலும், அதனருகே சுடரும் தீப்பொறியும் அணுகாமற் காத்தலும் இன்றியமையாதன. இணைப்பைக் கழற்றும்போது முதலில் பலகையையும், பின்னரே பாட்டரியையும் கட்டுப்பாட்டுக் கருவியினின்றும் பிரித்தல் வேண்டும். மீண்டும் இணைக்கும்போது பாட்டரியே முதலில்.

வாரம் ஒருமுறை விடியற்கால வோல்ட்டையும், நண்பகல் ஆம்பியரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. எவ்விடத்தில் குறை தொடங்கிற்று என்பதை விளக்கு மங்குமுன்னரே அவ்வெண்கள் காட்டிவிடும்.