பழைய லாரியின் பின் அச்சு: நோயும் மருந்தும்



பிற மாநிலங்களில் லாரித் தொழிலையோ பட்டறைத் தொழிலையோ பற்றி வாழும் தமிழர் பலர். 1954-ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, ஜாம்ஷெட்பூரில் லாரிகளைச் செய்யத் தொடங்கிற்று. அக்கூட்டு 1969-இல் முடிவுற்றது. அக்காலத்து வண்டியொன்றைப் பேணி வருபவர் ஒருநாள் இந்த இடரைச் சந்திக்கக்கூடும்: எஞ்சின் ஓடுகிறது; கியரும் விழுகிறது; வண்டி மட்டும் அசைய மறுக்கிறது.

இதற்குக் காரணம் காணுமுன் விசை செல்லும் வழியை அறிதல் வேண்டும். கியர்ப் பெட்டியிலிருந்து புறப்படும் விசை, நீண்ட பிராபெல்லர் ஷாஃப்ட் வழியே பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தை அடைகிறது. அது கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அங்கிருந்து டிஃபரன்ஷியல், இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்டுகளின் வாயிலாக, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகப் பகிர்கிறது. இச்சமபங்கே இங்குச் சிக்கலாகிறது. ஒரு ஷாஃப்ட் முறிந்து தடையின்றிச் சுழலுமாயின், மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை கிட்டாது. ஒன்று முறிந்தாலே வண்டி நின்றுவிடுகிறது.

ஆகவே சமதரையில், சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டிக்கடியில் எவரும் புகாமல், கியரிலிட்டுக் கிளச்சை மெல்ல விடுக. பிராபெல்லர் ஷாஃப்ட் சுழலவில்லையெனில் குறை கிளச்சிலோ கியர்ப் பெட்டியிலோ உள்ளது. அது சுழன்றும் சக்கரம் அசையாவிடில் குறை பின் அச்சில் உள்ளது.

ஓசையும் ஒரு சான்று. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எழும் ஊளை, கிரவுன் பினியன் தேய்வைக் காட்டும். புறப்படுகையில் எழும் ‘டக்’ ஒலி, மூட்டுகளின் தளர்வைக் காட்டும். வளைவில் மட்டும் கேட்கும் தட்டல், டிஃபரன்ஷியலின் உட்பற்களைச் சுட்டும். வேகத்தோடு வளரும் இடையறாத உறுமல் பெரும்பாலும் சக்கர பேரிங்கினுடையது.

இனி, உயிரைக் காக்கும் செய்தி ஒன்று. பல பழைய லாரிகளில் கைப்பிரேக், சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பிராபெல்லர் ஷாஃப்ட்டையே பிடிக்கிறது. ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தாலோ, அதைக் கழற்றினாலோ, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலோ அந்தப் பிரேக் வண்டியை நிறுத்தாது. மலைப்பாதையில் ஷாஃப்ட் முறிந்தால், கால் பிரேக்கை எடுக்குமுன் கிளீனரைக் கொண்டு சக்கரங்களுக்குக் கட்டை இடச் செய்க. கட்டை அமர்ந்ததென்று அவர் குரல் கொடுக்கும் வரை ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழலாகாது.

பழுது பார்த்தல் கடினமன்று. பெரும்பாலான பார வண்டிகளில் சுமையைத் தாங்குவது அச்சுக் கூடே. ஆகையால் சக்கரத்தைக் கழற்றாமலே நட்டுகளை நீக்கி ஷாஃப்ட்டை உருவலாம். உள்ளே தங்கிய துண்டையும் எடுத்துவிடல் வேண்டும். முறிந்த முகத்தை உற்று நோக்குக. ஒரு பகுதி வழவழப்பாகவும் கறைபடிந்தும் இருந்தால், அவ்விரிசல் நெடுநாட்களாக வளர்ந்ததாகும். மறுபக்க ஷாஃப்ட்டையும் சோதித்து, அதன் பற்கள் முறுக்குண்டிருப்பின் அதையும் மாற்றுக.

பிறகு எண்ணெயை வடித்துப் பார்க்கவும். சாம்பல்நிற மசி இயல்பானது. உலோகச் சில்லுகள் கிடைத்தால் டிஃபரன்ஷியலைத் திறந்தே ஆகவேண்டும். கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே மாற்றுக; அவை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேய்த்து அமைக்கப்பட்டவை. பற்களில் வண்ணம் பூசிச் சுழற்றி, அவை தொடும் இடத்தைக் கண்டு சரிசெய்வர் தேர்ந்த மெக்கானிக்குகள். எண்ணெய் கசிந்தால், ஆயில் சீலைக் குறைகூறுமுன் மூச்சுத்துளை அடைபட்டுள்ளதா எனக் காண்க.

மிகைப் பாரமும், கிளச்சைத் திடீரென விடும் பழக்கமுமே ஷாஃப்ட்டை முறிக்கும் முதற் பகைகள். அவ்விரண்டையும் விலக்கினால், முதிய வண்டியும் இன்னும் நெடுந்தொலைவு நம்மைச் சுமந்து செல்லும்.