நீர்மேல் எழுதும் வண்டு

சென்ற மாரிக்காலத்தில் ஒருநாள், மாணாக்கர் சிலருடன் நல்லூர் யமுனா ஏரிக்குச் சென்றிருந்தேன். பகர வடிவில் அமைந்த அவ்வேரியின் பழமையை யான் எடுத்துரைக்க, சிறுவன் ஒருவன் மட்டும் நீரையே நோக்கி நின்றான். கருமணி போன்ற சிறு வண்டுகள் நீர்ப்பரப்பில் வட்டமிட்டுத் திரிந்தன.

"ஐயா, இதன் பெயர் என்ன?"

"வண்டு" என்றேன்.

"வண்டு என்பது எனக்கும் தெரியும், ஐயா."

அளி, சுரும்பு, ஞிமிறு, தும்பி என நிகண்டு கற்ற நா அடங்கிற்று. அவையெல்லாம் மலர் நாடுவன. இதுவோ நீர் நாடுவது. அன்றிரவே நூல்களைத் தேடலானேன்.

சுவீடன் நாட்டு இலின்னேயசு 1758இல் இதனை நீர்மூழ்கி வண்டுகளோடு சேர்த்து, 'நீந்துவோன்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். பிரெஞ்சு அறிஞர் சொப்புருவா 1762இல் இதனைத் தனிச் சாதியாகப் பிரித்துக் 'கைரினசு' என்றார். கிரேக்கத்தில் 'கைரோசு' என்பது வட்டம். அதனடியாகப் பிறந்த 'கைரினோசு' என்னும் சொல்லாற் கிரேக்கர் குறித்தது வாற்பேயை! 1810இல் இலத்திரேயி இதனைத் தனிக் குடும்பமாக்கினார். இன்று அக்குடும்பத்தில் ஏறக்குறைய 1,000 இனங்கள் உள.

பிரித்தமை தக்கதே. இதன் ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிளவுபட்டது. மேற்பகுதி வானையும் கீழ்ப்பகுதி நீரினுள்ளும் நோக்கும். முன்கால்கள் நீண்டு இரை பற்றுவன. ஏனைய நான்கும் குறுகித் துடுப்பாயின. குறுகிய உணர்கொம்புகள் நீரில் எழும் சிற்றலையையும் அறியும். தொல்காப்பியர் மரபியலில் தும்பியை நாலறிவுயிர் என வகுத்தார். அவர் அறிவு நோக்கிப் பகுத்தார்; மேனாட்டார் உறுப்பு நோக்கிப் பகுத்தனர். இரண்டும் கூர்ந்து நோக்கியதன் பயனன்றோ?

பொதுமக்களும் நோக்கியே பெயரிட்டனர். செருமானியர் இதனைத் 'தள்ளாடும் வண்டு' என்பர். ஒல்லாந்த மொழியாளர் 'சிற்றெழுத்தாளன்' என்பர். பிளாண்டர்சு நாட்டில் ஆசிரியராயிருந்த குருவானவர் குயிதோ கெசெல் 1857இல் இதன்மேற் பாட்டே இயற்றினார். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியன்றோ அது! நாம் 'நீர்மேல் எழுத்து' என்று நிலையாமைக்கு உவமை சொன்னோம். அவர்களோ அவ்வெழுத்தை எழுதுவோனையும் கண்டுகொண்டனர்.

மறுவாரம் அச்சிறுவனிடம், "சுழல்வண்டு என்று சொல்லலாம், தம்பி" என்றேன். அவன் சற்றே எண்ணி, "எங்கள் அப்பாச்சியிடமும் கேட்டுவருகிறேன், ஐயா" என்றான். அதுவே நல்ல விடை.

ஆசிரிய நண்பர்காள்! மாணாக்கரைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர் முதியோர் இவ்வுயிர்களை எவ்வாறு அழைத்தனர் எனக் கேட்டு எழுதிவையுங்கள். குளங்கள் தூர்கின்றன, முதியோரும் நம்மைவிட்டுச் செல்கின்றனர். பெயரில்லாத ஒன்று மறைந்தால், மறைந்தது இன்னதென்று சொல்லவும் நமக்குச் சொல் இராது.