ஸ்டாக் கலையும் முன்பே ஒரு கேள்வி

பத்து லட்சம் வரிகள் கொண்ட ஒரு ஃபைல். வரிக்கு ஒரு கணக்காக, புரோகிராம் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு லட்சத்தைத் தாண்டிய பிறகு ஒரு வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்துவிடுகிறது. முன்யோசனையாக எதையும் எழுதி வைக்காவிட்டால், பல மொழிகளில் புரோகிராம் அங்கேயே செத்துவிடும். ஃபைலைத் திருத்திவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான்.

காமன் லிஸ்ப் மொழியில் அந்த இடத்தில் பிழை தேடும் கருவியான டீபக்கர் திறந்துகொண்டு, எண்ணிட்ட பட்டியல் ஒன்றைக் காட்டும். வரியைத் தாண்டிப் போ, வேறு மதிப்பு கொடு என்று புரோகிராமர் எழுதி வைத்த வழிகள் அதில் இருக்கும். இவற்றுக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். ஒன்றைத் தேர்ந்தால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இது எப்படி முடிகிறது? ஜாவாவிலும் பைதானிலும் பிழையைப் பிடிக்கும் பகுதி இயங்கும்போது, நடுவில் அழைக்கப்பட்ட ஃபங்ஷன்களிலிருந்து வெளியேறியாகிவிட்டது. பாதி வேலைக்குத் திரும்ப வழியில்லை. லிஸ்ப் வரிசையை மாற்றுகிறது. அழைப்புகளின் அடுக்கான ஸ்டாக் அப்படியே நிற்கும்போதே, பிழையைப் பிடிக்கும் பகுதியான ஹேண்ட்லரை அழைக்கிறது. முடிவு கிடைத்த பிறகுதான், வேண்டிய அளவுக்கு மட்டும் ஸ்டாக்கைக் கலைக்கிறது.

இதில் இன்னும் பெரிய விஷயம், பொறுப்பு பிரிவது. எண்ணைப் படிக்கும் ஃபங்ஷனுக்குத் தப்பும் வழிகள் தெரியும். எந்த வழி நியாயம் என்பது தெரியாது. வானிலைப் பதிவில் ஓர் அளவீடு விடுபட்டால் சமாளிக்கலாம். சம்பளப் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டினால் ஒருவருக்குக் கூலி போய்விடும். அதனால் வழிகளைக் கீழே உள்ள ஃபங்ஷன் சொல்கிறது, முடிவை மேலே உள்ள ஹேண்ட்லர் எடுக்கிறது. யாரும் எடுக்காவிட்டால்தான் மனிதரிடம் கேள்வி வருகிறது. பிழை கையாள்வதில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பிழைக்குப் பின் தொடரும் யோசனை பிஎல்/ஒன் மொழியிலேயே இருந்தது. சிம்பாலிக்ஸ் நிறுவனத்தின் லிஸ்ப் கணினிகளில் அது வளர்ந்தது; கென்ட் பிட்மன் அதைக் காமன் லிஸ்ப்புக்கு வடிவமைத்தார். 1994இல் வெளியான அமெரிக்கத் தரநிலையிலும் அது இடம்பெற்றது. சி பிளஸ் பிளஸ்ஸை உருவாக்கிய ஸ்ட்ரோஸ்ட்ரப் இந்த வழியைப் பரிசீலித்து, வேண்டாம் என்று விட்டார். பின்னால் வந்த பிரபல மொழிகள் பலவும் தொடர்வதற்கு இடம் வைக்கவில்லை. பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

காமன் லிஸ்ப்பை ஓட்டும் எஸ்பிசிஎல் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவிக்கொண்டு, எழுதாத ஒரு ஃபங்ஷனை அழைத்துப் பாருங்கள். டீபக்கர் திறந்ததும் அங்கேயே அந்த ஃபங்ஷனை எழுதுங்கள். பிறகு மீண்டும் அழைக்கச் சொல்லும் எண்ணைத் தட்டுங்கள். நின்றுபோன அதே அழைப்பு, இப்போது விடையோடு திரும்பும்.