பழைய சீட்டின் மேல் ஏறுவதற்கு முன்

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, காற்று மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகத்தில் அடித்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. 40 சதுர மீட்டர் கூரை ஒன்றின் மேல் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் 19,000 லிட்டருக்கு மேல். நெய்வேலியை அடுத்த வளையமாதேவி போன்ற ஊரில், ஐப்பசிக்கு முன் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் கூரையாக இருந்தால், ஏணி சாத்தும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

புதுச் சீட்டே ஆள் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. வெயிலும் மழையும் தின்ற சீட்டு, மேலே பாசி படிந்து திடமாகத் தெரிந்தாலும் கால் வைத்த இடத்தில் சட்டென்று உடையும். போல்ட் வரிசையைப் பார்த்து நடந்தால் போதும் என்று கொத்தனார்கள் சொல்வதுண்டு. அதை நம்பக் கூடாது. கைமரங்களில் தாங்கி நிற்கும் அகலமான பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். சின்ன ஒழுக்கு என்றால் கீழே சாரம் கட்டி, உள்பக்கமிருந்தே அடைத்துவிடலாம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. இந்தச் சீட்டில் சிமென்டோடு சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை இருக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுச் சீட்டு சும்மா கிடக்கும்போது இழை அதிகம் வெளியேறாது. துளை போடும்போதும், கட்டர் வைத்து அறுக்கும்போதும், பெயின்ட் அடிக்கக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கும்போதும்தான் பறக்கிறது. நோய் தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் அந்தக் கூரையையே எல்லோரும் மறந்திருப்பார்கள். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது. இலங்கை தடைக்குத் தயாரானபோது, 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது; தடை தள்ளிப்போனது. கல்நாரை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடும் ரஷ்யாதான். நம் கூரையின் பாதுகாப்பு யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

இறவாணத்துத் தகரத்திலும், இரண்டு கூரைகள் சேரும் கூடல்வாயிலும் சேரும் சாம்பல் நிற வண்டலில், சீட்டிலிருந்து கழுவி வந்த இழையும் கலந்திருக்கும். காய்ந்தபின் துடைப்பம் போட்டுக் கூட்டினால் அது நேராக மூக்குக்குத்தான் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கரண்டியால் வழித்து, ஈரத்தோடே பாலித்தீன் பையில் கட்டுங்கள். துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வது இந்த இழையைத் தடுக்காது. கழற்றும்போதும் சீட்டை நனைத்து, போல்டை அறுத்து, முழுசாகக் கீழே இறக்க வேண்டும். மேலேயிருந்து வீசக் கூடாது. உடைந்த சில்லுகளைச் சந்துக் குழியில் கொட்டி மிதிப்பதும், கோழிக்கூண்டுக்கு வெட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

மாற்றாகப் போடும் தகரச் சீட்டு, பழையதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். புயல் காற்று கூரையை மேலே இழுப்பது ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அதிகம். அங்கே திருகுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். கைமரம் சுவரோடு கட்டப்படாவிட்டால் கூரை மொத்தமாகவே போகும். பறக்கும் தகரம் ஆளை வெட்டும்.

2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக மேல்வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. பொக்லைன்களை இறக்கியது. சுரங்கத்துக்காக நிலம் எப்போது எடுக்கப்படும், வீடு எத்தனை நாளைக்கு என்று தெரியாதபோது கூரைக்கு யார் பணம் போடுவார்? எம்-சீலும் தார் ஒட்டுமாகவே சீட்டுக்கு வயது ஏறும். பிறகு ஒருநாள் சுவரோடு சேர்த்துப் பொக்லைன் அதை நொறுக்கும். தெருவே அந்தத் தூசியைச் சுவாசிக்கும். எந்த வீட்டை இடிப்பதானாலும் முதலில் சீட்டுகளை நனைத்து முழுசாக இறக்க வேண்டும், அந்தச் செலவு இடிப்பவருடையது என்பதை, இழப்பீட்டுப் பேச்சின்போதே ஊர் மக்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.