திறமைசாலியா, தலைவலியா?

"ஆட்டம் அபாரம்தான், ஆனால்..." என்று சில ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது இழுப்பார்கள். அந்த 'ஆனால்' தெரிந்திருந்தும் ஒருவரைக் குழுவில் சேர்க்கலாமா? அமெரிக்கக் காற்பந்தில் இது பல முறை எழுந்துள்ள விவாதம். பெரும்பாலும் இதில் சிக்குபவர் 'ரிசீவர்'.

குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிச்சென்று பிடிப்பதே ரிசீவரின் வேலை. எவ்வளவு வேகமாக ஓடினாலும் பந்து தம் பக்கம் எறியப்படாவிட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது. மனக்கசப்பு பல நேரங்களில் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலீஷ் பிரிமியர் லீக்கில் பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவார்கள். அமெரிக்காவில் நடப்பது பண்டமாற்று. கல்லூரி ஆட்டக்காரர்களைக் குழுக்கள் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் தேர்வு உரிமையையே ஈடாகக் கொடுக்கலாம். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும்.

'வாங்கலாம்' என்பவர்கள் காட்டும் சான்று ரேண்டி மாஸ். மினசோட்டா வைக்கிங்ஸில் இருந்தபோது, தமக்கு விருப்பம் இருந்தால்தான் முழுமூச்சாக ஆடுவேன் என்று சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானவர். ஓக்லண்ட் ரைடர்ஸில் 2006ஆம் ஆண்டுப் பருவத்தில் மூன்று டச்டவுன்கள் மட்டுமே எடுத்தார். 2007 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரைப் பெற்றது. கொடுத்த விலை, நான்காம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றுதான். மாஸும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஓராண்டு ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 23 டச்டவுன்கள், 1987இல் ஜெர்ரி ரைஸ் படைத்த 22 என்ற சாதனையை முறியடித்தன. குழு வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களிலும் வென்றது. சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் மட்டும் 14-17 எனத் தோற்றது.

'வேண்டாம்' என்பவர்கள் டெரல் ஓவன்ஸைக் காட்டுவார்கள். 2004இல் ஃபிலடெல்ஃபியா ஈகல்ஸ் அவரை ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தது. முதல் பருவத்தில் எல்லாம் இனித்தது. குழு சூப்பர் பவுல் வரை சென்றது. காயம் முழுவதும் ஆறாத காலுடன் அவர் அதில் ஆடினார். அடுத்த ஆண்டே புதிய ஒப்பந்தம் கேட்டார். குவாட்டர்பேக் டோனவன் மெக்நாபைப் பொதுவில் குறை சொன்னார். 2005 நவம்பரில் ஈகல்ஸ் அவரை இடைநீக்கம் செய்தது. முந்தைய பருவத்தில் 13 ஆட்டங்களில் வென்ற குழு, அந்தப் பருவத்தில் 6 வெற்றிகளோடு நின்றது. மற்ற ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அந்தச் சண்டைக்கு விலை கொடுத்தார்கள்.

ஆன்டோனியோ பிரவுன் கதை இன்னும் மோசம். 2019இல் ரைடர்ஸ் மூன்றாம், ஐந்தாம் சுற்று உரிமைகளைக் கொடுத்து அவரைப் பெற்றது. வழக்கமான பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே அவர் விடுவிக்கப்பட்டார்.

அப்படியானால் எந்தத் தரப்பு சரி? விடை மாஸின் கதையிலேயே இருக்கிறது. 2010 அக்டோபரில், ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அவர் அதிருப்தி காட்டியபோது, பேட்ரியட்ஸ் அவரை வைக்கிங்ஸுக்கே கொடுத்து மூன்றாம் சுற்று உரிமையைப் பெற்றது. வைக்கிங்ஸ் நான்கு ஆட்டங்களிலேயே அவரை விடுவித்தது. ஆள் ஒருவர்தான். ஒரு குழு குறைந்த விலையில் வாங்கி, பயன் பெற்று, நேரம் பார்த்து அனுப்பியது. இன்னொரு குழு கூடுதல் விலை கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது.

எனவே, 'இவர் நல்லவரா, கெட்டவரா' என்பது மட்டும் கேள்வியல்ல. 'சரிப்பட்டு வராவிட்டால், பெரிய இழப்பின்றி விலக முடியுமா?' முடியும் என்றால் துணிந்து வாங்கலாம். முடியாது என்றால், எத்தனை டச்டவுன்கள் எடுத்தவராக இருந்தாலும் யோசிப்பதே நல்லது.