வெள்ளை அடிக்க ஆளா, நாமேவா? கண் பத்திரம்!

மணமேல்குடி, ஜன.5–
பொங்கல் நெருங்குகிறது. "ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுமா? நாமளே அடிச்சிடலாம்!" என்று வீட்டுக்கு வீடு பேச்சு.

கடலோர ஊர் இது. உப்புக் காற்றில் சுவர் சீக்கிரமே பொரிந்து உதிரும். அதைச் சுரண்டாமல் மேலே பூசினால் காசு கரிதான்!

சுரண்டுவது, கைக்கு எட்டும் சுவருக்கு அடிப்பது நம்மால் முடியும். ஏணி ஏற வேண்டுமா? பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

தப்பித் தவறிப் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கூலியை மிச்சம் பிடித்து, கண்ணைப் பறிகொடுக்கலாமா?