நிழலில் காய்க்கும் கொக்கோ

பாகான் டத்தோ பக்கம் போனவர்களுக்குக் கொக்கோ புதிதல்ல. தென்னைக்கு அடியில் வரிசையாக நின்ற மரங்களை நானும் பார்த்திருக்கிறேன். 1980களின் இறுதியில் நம் நாட்டில் 4 லட்சம் ஹெக்டருக்கும் மேல் கொக்கோ இருந்தது. விலை விழுந்தது, காய்த் துளைப்பான் பூச்சி வந்தது. மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள்.

அதனால்தான் ஈக்குவடோரின் நாபோ மாநிலத்துக் கொக்கோ என் கவனத்தை இழுத்தது. அங்கே அமேசான் காட்டில் வாழும் கிச்வா பூர்வகுடியினரின் தோட்டத்துக்குச் 'சாக்ரா' என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் காடுதான். மேலே பெருமரங்கள், நடுவில் வாழையும் கொக்கோவும், தரையில் மரவள்ளி. மரத்தைப் பற்றி வெனிலாக் கொடி ஏறும். விடியற்காலையில் குடிக்கும் குவாயுசா இலையும் அங்கேயே. பெரும்பாலும் பெண்கள் பொறுப்பில்தான் தோட்டம்.

கொக்கோ இயல்பிலேயே நிழல் மரம். அதன் பூவில் மகரந்தம் சேர்ப்பது கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி. ஈரமான இலைக்குப்பையில்தான் அது பெருகும். ஆகவே காட்டை அழிக்காமலே காய் கிடைக்கும். 2023-இல் ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு சாக்ராவை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. இடைத்தரகரைத் தவிர்க்க, 'கல்யாரி' என்ற கிச்வா கூட்டுறவு அமைப்பு சொந்தமாகச் சாக்லெட்டும் செய்கிறது.

ஆனால் மரபு என்று பாராட்டினால் மட்டும் வயிறு நிறையாது. சிசிஎன் 51 என்ற ரகத்தை வெயிலில் நட்டால் விளைச்சல் பல மடங்கு. 2024 இறுதியில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, நிழல் மரத்தை வெட்ட யாருக்குத்தான் ஆசை வராது? போதாக்குறைக்கு ஆற்றோரம் தங்கம். 2022 பிப்ரவரியில் நாபோவின் யுட்சுபினோவில் நுழைந்த ராணுவம், சட்டவிரோதச் சுரங்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மண்வாரி இயந்திரங்களைப் பறிமுதல் செய்தது. தங்கம் இன்றே பணம். கொக்கோ காய்க்க மூன்று, நான்கு வருடம்.

அப்படியும் சாக்ரா நிற்பதற்குக் காரணம் சோறுதான் என்று நினைக்கிறேன். கொக்கோ விலை சரிந்தாலும் மரவள்ளியும் வாழையும் அடுப்புக்கு வரும். நம் லயத்து வீடுகளில் விலை விழுந்தால் கூலி விழுந்தது, அவ்வளவுதான்.

சாக்லெட் உறையில் 'ஈக்குவடோர்' என்று இருப்பதால் மட்டும் அது சாக்ரா கொக்கோ ஆகிவிடாது; சிசிஎன் 51-உம் அங்கிருந்துதான் வருகிறது. வளர்த்த கூட்டுறவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போன வாரம் கடையில் ஓர் அடுக்கு முழுக்கத் தேடினேன். ஒன்றே ஒன்றில்தான் இருந்தது.